அத்தானின் ரிவால்வரும் எங்கள் வீட்டு ஆயுத பூஜையும்

என் அத்தானை எனக்குப் பிடிக்காது. இதில் மென்று முழுங்க ஒன்றுமில்லை. அக்காவைக் கட்டிய நாளிலிருந்தே பிடிக்காது. சிட்னிக்கு வந்து, அவர்கள் வெஸ்ட்மீட்டிலும் நாங்கள் பிளாக்டவுனிலும் குடியிருக்க ஆரம்பித்த பிறகு இன்னும் பிடிக்காமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தால் எழுந்து போகும்வரை அவர் ஒருவர்தான் பேசுவார். எல்லாம் அவர் வாங்கிய பழைய சாமான்களின் பெருமை. ஓடாத கடிகாரம், கப்பல் விளக்கு, யாரோ ஒரு வெள்ளைக்காரத் தளபதியின் பொத்தான். அக்காவின் புருஷன் ஆயிற்றே, "அப்படியா அத்தான்", "சொல்லுங்க அத்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்க வேண்டும்.

போன குளிர்காலத்தில் சிட்னிக்கு மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பண்ணை வீட்டில் சாமான்களை விற்றார்கள் என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு ரிவால்வர் வாங்கி வந்தார். நீளக் குழல், பித்தளை வளையம், கருமருந்தைக் கெட்டித்துச் சுடுகிற பழைய மாதிரி.

"அமெரிக்காவுல உள்நாட்டுப் போர்ல சுட்டது மாப்ள. நூத்தி அறுபது வருஷப் பழசு."

"லைசென்ஸ் வாங்கிட்டீங்களா?"

"ஆன்டிக்குக்கு எதுக்குடா லைசென்ஸ்? படிச்சவன்தானே நீ?"

அதன் பிறகு எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் இதே புராணம். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. ஆனால் யாரையும் தொட விடமாட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தூர நின்று பார்க்கச் சொல்வார்.

இங்கே என் மனைவியின் வேலையைச் சொல்லியாக வேண்டும். கோயம்புத்தூரில் டீச்சராக இருந்தவள். அவள் படிப்பை இங்கே யாரும் சட்டை செய்யவில்லை. ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை, அழாத நாள் இல்லை. கடைசியில் மறுபடியும் படித்து, வீட்டிலேயே ஃபேமிலி டே கேர் நடத்த அனுமதி வாங்கினாள். நாலு குழந்தைகள் வருகிறார்கள். கேட்டின் கொக்கி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், குழாயில் வெந்நீர் எவ்வளவு சூட்டில் வர வேண்டும் என்பதுவரை விதி உண்டு. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அப்புறம் பேச்சே கிடையாது, அனுமதி போய்விடும். அந்த நாலு குழந்தைகள்தான் இந்த ஊரில் அவளைத் தலைநிமிர வைத்தவர்கள்.

ஆயுத பூஜை வருஷா வருஷம் எங்கள் வீட்டில்தான். யார் எதை வைத்துப் பிழைக்கிறாரோ அதைக் கொண்டுவந்து வைப்பது வழக்கம். நான் வால்வு செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். அளவு பார்க்கும் வெர்னியரை வைப்பேன். மனைவி குழந்தைகளின் கத்தரிக்கோலும் வண்ணப் பென்சில்களும் வைப்பாள். அக்கா நர்ஸ், ஸ்டெதஸ்கோப். கணக்கராக இருக்கும் அத்தான் லேப்டாப் வைப்பார். இந்த வருஷம் துண்டில் சுற்றி ரிவால்வரைக் கொண்டுவந்து, எங்கள் யாரையும் கேட்காமல் சரஸ்வதி படத்துக்கு முன்னால் நடுநாயகமாக வைத்துவிட்டார்.

மனைவியின் முகம் வெளிறிப் போயிற்று. "அண்ணே, இது இங்க இருக்கக் கூடாது. எனக்குப் பிரச்சினையாயிடும்."

"ஆயுத பூஜைக்கு ஆயுதம் வைக்காம கால்குலேட்டரையா வைப்பாங்க? ஆன்டிக்கும்மா. சட்டத்துல இது வெறும் இரும்பு. டேய் மாப்ள, சந்தனத்தை நல்லா பூசு."

அன்றுதான் அது முதல் தடவையாக என் கைக்கு வந்தது. அவர் மேலிருந்த ஆத்திரத்தில் நானும் சந்தனத்தை அப்பினேன். குழலுக்கு அடியில் குண்டை அழுத்திச் செலுத்துகிற நெம்புகோல் ஒன்று ஒட்டிக் கிடக்கும். அதைத் தாழ்த்தி அந்த இடுக்கிலும் பூசிவிட்டு, அதிகமானதைக் கட்டைவிரலால் வழித்தேன். வழித்த இடத்தில் சின்னச் சின்னக் கோடுகளுக்குள் மட்டும் சந்தனம் தங்கி நின்றது.

எங்கள் தொழிற்சாலையில் தேய்ந்த முத்திரையைப் படிக்க இதைத்தான் செய்வோம். சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்தால் எழுத்து எழுந்து வரும். இங்கேயும் வந்தது. ஒரு நட்சத்திரம், அதன் கீழே கேடயம். ஒரு கிரீடம், அதன் கீழே ஆங்கிலத்தில் பி, என். பக்கத்தில் சின்னக் கட்டம், கட்டத்துக்குள் ஏ, எம் என்று இரண்டு எழுத்து. குழலைத் திருப்பினேன். பக்கவாட்டில் ஓரிடம் லேசாகக் குழிந்து, வேறு பழுப்பு நிறத்தில் இருந்தது. அரம் போட்டு, செய்த கம்பெனியின் பெயரை எடுத்துவிட்டு, மேலே பழசு போலக் கறை ஏற்றியிருக்கிறான் எவனோ. நெம்புகோலுக்கு அடியில் இருந்ததை மட்டும் மறந்துவிட்டான்.

போனில் படம் எடுத்துத் தேடினேன். சேகரிப்பாளர்கள் இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தாலியில் ஒவ்வொரு துப்பாக்கியையும் சோதித்துப் போடுகிற முத்திரைகள் அவை. பி, என் என்றால் அவர்கள் மொழியில் கருமருந்து. கட்டத்துக்குள் இருப்பது சோதித்த வருஷம். நான் டவுசர் போட்டுப் பள்ளிக்கூடம் போன எண்பதுகள்.

சிரிப்பு வந்தது. பொய் சொல்லமாட்டேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அடுத்த நொடியே மனைவியின் அனுமதி நினைவுக்கு வந்தது. போன நூற்றாண்டின் கடைசியில் செய்த நகலை எப்படி ஆன்டிக் என்பது? சட்டத்தில் அது கைத்துப்பாக்கியேதான்.

"அத்தான், இது இத்தாலிக்காரன் செஞ்ச நகல். இதுக்குக் கண்டிப்பா லைசென்ஸ் வேணும்."

"பொறாமைடா உனக்கு. நட்டு போல்ட்டு பாக்குறவனுக்குச் சரித்திரம் என்ன தெரியும்?"

போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். படத்தைப் பார்த்தார், குனிந்து குழலைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. ஆனால் அந்த மனுஷன் வாயிலிருந்து "ஆமா" வருமா?

"அண்ணே, தயவுசெஞ்சு இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்க. காலைல ஏழு மணிக்குக் குழந்தைங்க வருவாங்க" என்றாள் மனைவி.

"பூஜையில வச்சத விஜயதசமிப் பூஜை முடியாம எடுக்கலாமா? நீயே சொல்லும்மா. நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

அந்தத் தந்திரத்தை நினைத்தால் இன்றைக்கும் என் உடம்பு எரிகிறது. என் மனைவி வைத்த பென்சிலைக்கூட மறுநாள் பூஜைக்கு முன்னால் தொடமாட்டாள், அது அவருக்குத் தெரியும். இவர் எந்தக் காலத்தில் சாமிக்குப் பயந்தார்? போலீஸுக்குத்தான் பயம். காரில் எடுத்துப் போகும்போது மாட்டிக்கொண்டால் என்ன ஆவது? அதனால் எங்கள் வீட்டில் தள்ளிவிட்டுக் கம்பி நீட்டப் பார்த்தார்.

மனைவி சரஸ்வதியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பி, "போலீஸுக்குப் போன் போடுங்க" என்றாள்.

போட்டேன். தொடாதீர்கள், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம், தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்றார்கள். அதை அத்தானிடம் சத்தமாகவே சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. கார் சாவியைத் தேட ஆரம்பித்தார். அதுவரை வாயே திறக்காமல் சுண்டல் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா, "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தார்.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் கையுறை போட்டு, சந்தனமும் குங்குமமுமாக இருந்ததை எடுத்துப் பைக்குள் வைத்தார். மற்றவர் இது யாருடையது என்று கேட்டார்.

"இது என் மச்சானுடைய வீடு சார்" என்றார் அத்தான், நல்ல இங்கிலீஷில். "அவருடைய பூஜை. நான் விருந்தாளி. இதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது."

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். துப்பாக்கி என்னுடையது என்று எழுதினால் மனைவியின் டே கேர் அன்றோடு முடிந்தது.

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "இவர் என் கணவர். வாங்கியது இவர்தான். வாங்கும்போது நானும் கூட இருந்தேன். இன்று சாயங்காலம்தான் இந்த வீட்டுக்குள் வந்தது. என் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் இதில் சம்பந்தம் இல்லை" என்று அதே இங்கிலீஷில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.

நடந்ததை மனைவி அன்றைக்கே தன் டே கேரை மேற்பார்வை செய்கிற அதிகாரிக்குப் போன் செய்து மறைக்காமல் சொன்னாள். கொஞ்ச நாள் மூடச் சொன்னார்கள், வந்து பார்த்தார்கள், பிறகு திறக்க விட்டார்கள். ஆனால் இதெல்லாம் அப்புறம் நடந்தது. போலீஸ் போன அந்த நேரத்தில் எங்களுக்கு எதுவும் நிச்சயமில்லை. அத்தான் வெளியே போய்க் காரில் ஏறி ஹாரனை அடித்தார். நிறுத்தி மறுபடியும் அடித்தார். அக்கா அசையவில்லை.

"அண்ணி, அண்ணன் காத்துட்டு இருக்காரு" என்றாள் மனைவி.

"அடிக்கட்டும்" என்றாள் அக்கா. "தானா குடுத்தா கேஸ் இல்லன்னு தம்பி சொன்னான், இவரும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தாரு? ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சும் உங்களை மாட்டிவிட்டாரு. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, இவ யாருன்னே தெரியாதுன்னு சொல்லமாட்டாரா?"