ஒச்சம்மாள் அக்கா கொண்டுவந்த குடம்

விடியுமுன் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பைப் பிடிக்கும் எங்களுக்குத் தெருக்குழாயில் வரிசை நிற்க நேரமேது? எங்கள் ஓடைக்கரைத் தெருவில் பாதி வீடுகளுக்கு ஒச்சம்மாள் அக்காதான் கூலிக்குத் தண்ணீர் சுமந்தாள். என் அண்டாவைப் பதினோரு வருடம் நிரப்பினாள்.

வீட்டுக்குழாய் இணைப்புக்கான பணத்தைத் தவணையில் கட்ட விடுங்கள் என்று நகராட்சிக்கு மனு எழுதினோம். கையெழுத்து வாங்க வீடு வீடாக அலைந்ததும் அவள்தான்.

"ஒன் பொழப்புப் போயிருமேக்கா" என்றேன்.

"முட்டி ரெண்டும் போச்சு மாரி. என் வாசல்லயும் ஒரு கொழா வந்தாப் போதும்."

தவணை கிடைத்தது. எல்லோர் வாசலிலும் குழாய் வந்தது. அக்கா வாசலில் மட்டும் வரவில்லை; அவள் குடியிருந்தது வாடகை வீடு.

"வீட்டுக்காரவுக மாட்டேன்ட்டாக" என்றாள்.

அடுத்த மாதமே, இனி எதற்கு என்று தெருக்குழாயைப் பிடுங்கிப் போனார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நகராட்சியை மட்டும் திட்டி என்ன பயன்? நானும்தான் பேசாமல் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா குடத்தோடு என் வாசலுக்கு வந்தாள்.

"ஒரு கொடம் பிடிச்சுக்கிறட்டா?"

அவள் அப்படிக் கேட்டது எனக்குக் கூசியது. தலையாட்டினேன். பிடித்த குடத்தை இடுப்பில் ஏற்றியதும், பழகிய கால்கள் நேரே என் அடுக்களைக்குள் போயின. என் அண்டாவில் ஊற்றிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. காலிக் குடத்தோடு அப்படியே நின்றாள்.

வெளியே குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது.

அண்டாவிலிருந்து மொண்டு அவள் குடத்தை நிரப்பினேன். பதினோரு வருடத்தில் அவளுக்கு நான் ஊற்றிய முதல் குடம். அதையும் அவள்தான் சுமந்து வந்திருந்தாள்.