‘தெரியாமல்’ என்று எழுதவிடாத மதாம்

அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில் ரவூஃப் பாய் கூப்பிட்டார். காரைக்காலில் நோட்டு, பேனாக் கடை வைத்திருப்பவர். எங்கள் கதைவட்டத்துக்கு நாற்காலி போடுவதிலிருந்து கடைசியில் விளக்கை அணைப்பதுவரை அவர்தான். “மதாம் தவறிட்டாங்க. கோட்டுச்சேரிக் கடைத்தெருவுல மீன் வாங்கிட்டு நின்னுருக்காங்க. தண்ணி கேன் வேன்காரர் ரிவர்ஸ் எடுத்துருக்காரு. தெரியாம நடந்துபோச்சாம்” என்றார். பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் தோன்றியது, மதாம் இருந்திருந்தால் பாயை அந்தக் கடைசி வாக்கியத்தை முடிக்க விட்டிருக்க மாட்டாரே என்பதுதான்.

நம் வட்டத்துக்கு வந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் மரி ஜெசிந்தா. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். பிள்ளைகள் இருவரும் பிரான்சில் இருக்க, அவரும் கணவர் அருளப்பனும் இங்கேயே தங்கிவிட்டார்கள். ஊரே பிரெஞ்சு முறைப்படி மதாம் என்றது. நாங்களும் அப்படியே அழைத்தோம். அவர் ஒரு கதைகூட எழுதியதில்லை. மாதாமாதம் தன் வீட்டு மாடியில் எங்கள் கதைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். நல்ல காபி கொடுப்பார். பிறகு மானத்தை வாங்குவார்.

அவர் முகத்தில் உண்மையான அருவருப்பை நான் முதலில் பார்த்தது, வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தன் கதையைப் படித்த அன்று. கதாநாயகன் கோபத்தில் மாமனாரைத் தள்ளுகிறான். அவர் தலை ஆட்டுக்கல்லில் மோதுகிறது. இறந்துவிடுகிறார். அதன்பிறகு பத்துப் பக்கம் கதாநாயகன் கடற்கரையில் நின்று கலங்குகிறான். நானும் இன்னொருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். மதாம் கேட்டார்: “செத்தவருக்குப் பேரு என்னங்க?”

நண்பர் தாளைப் புரட்டினார். பெயர் இல்லை. கதை முழுக்க மாமனார் வெறும் மாமனார்தான்.

“பேருகூட வைக்காம கொன்னுட்டீங்களே. சரி, ‘தெரியாமல் தள்ளிவிட்டான்’னு எழுதியிருக்கீங்க. என்ன தெரியாது அவனுக்கு? ஆட்டுக்கல் இருக்கறது தெரியாதா? அவன் வீட்டு ஆட்டுக்கல்தானே, தெனம் அதத் தாண்டித்தானே போறான்? மாமனாருக்கு வயசானது தெரியாதா?”

நாம் அந்தச் சொல்லை எவ்வளவு சுளுவாகப் புழங்குகிறோம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. காலை மிதித்தாலும் தெரியாமல், ஆளைக் கொன்றாலும் தெரியாமல். வேண்டுமென்று செய்யவில்லை என்பதற்கும் எதுவுமே அறியவில்லை என்பதற்கும் ஒரே சொல். மதாமின் சண்டை முழுவதும் அந்த ஒரு சொல்லோடுதான்.

கதைகளில் துப்பாக்கிக்காக இரண்டு பேர் கட்டிப் புரள்வார்கள். ஒரு சத்தம் கேட்கும். யார் விழப்போகிறார்கள் என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்குக் கலந்த விஷத்தை இன்னொருவர் குடிப்பார். மாடிப்படியில் ஒரு கை லேசாகப் பட்டதும் வில்லன் உருண்டு போவான். இதெல்லாம் வந்தால் மதாம் மூக்கைப் பொத்திக்கொள்வார், நிஜமாகவே. “கொலையும் வேணும், கதாநாயகன் கையும் சுத்தமா இருக்கணும். மீனை அடுத்தவங்க ஆய்ஞ்சு குடுக்கணும், கொழம்பு மட்டும் நாம ஊத்திக்கணும். கவிச்சி ஆகாது நம்ம எழுத்தாளருங்களுக்கு” என்பார்.

நான் ஒருமுறை மல்லுக்கு நின்றேன். வாழ்க்கையில் இப்படி நடப்பதே இல்லையா என்று கேட்டேன். “நடக்குது. நான் இல்லேங்கல. நடந்ததுக்கப்புறம் அந்த ஆளு மறுநாள் எப்படிப் பல்லு வெளக்குவான்னு எழுதுங்க. நீங்க அடுத்த அத்தியாயத்துல அவனுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கிறீங்க” என்றார். காபியைக் குடித்தேன்.

அவர் எப்போதும் சரியாக இருந்தார் என்று நான் சொல்லப்போவதில்லை. பூவத்திலிருந்து வரும் ஆசிரியை ஒருவர், மருந்து மாற்றிக் கொடுத்துக் குழந்தையைப் பறிகொடுத்த தாயைப் பற்றி எழுதியிருந்தார். மதாம் பாதியிலேயே “போதும்” என்று கையைக் காட்டிவிட்டார். ஆசிரியை எழுந்து போய்விட்டார். அது ஆசிரியையின் சொந்த அக்காவுக்கு நேர்ந்தது என்று ரவூஃப் பாய் பிறகு சொன்னபோது மதாமின் முகம் செத்துப்போனது. மறுநாளே பஸ் ஏறிப் பூவத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அந்தக் கதை முடிந்து வந்தபோது எங்களுக்கு அதைப் படித்துக் காட்டியவரும் மதாம்தான்.

இனி இரங்கல் கூட்டத்துக்கு வருகிறேன். அன்று எனக்குக் குமட்டியது. இதைவிட மரியாதையான சொல் கிடைக்கவில்லை. மேடையில் ஒருவர், “கதைகளில் தற்செயல் மரணத்தை வெறுத்தவரைத் தற்செயல் மரணமே தழுவிக்கொண்டது. விதி எழுதிய சிறுகதை இது!” என்றார். கை தட்டினார்கள். இறந்தவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கை தட்டினார்கள்! அடுத்தவர் அதையே இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சொன்னார். மிக்சர் வந்தது. ஒரு பத்திரிகை நண்பர் என் தோளில் கைபோட்டு, “நல்ல கரு சார், நீங்க எழுதினா பிரமாதமா வரும்” என்றார். ஒரு மனுஷி வண்டியில் நசுங்கிச் செத்திருக்கிறார். இவருக்கு அது கரு. கையை எடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நேராக அருளப்பன் சார் வீட்டுக்குப் போனேன். அங்கே வேனின் முதலாளி உட்கார்ந்திருந்தார். வேன் ஓட்டியவர் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார். நாற்பதைத் தாண்டியவர், சேகர் என்று பெயர். முதலாளிதான் பேசினார். “எங்க ஆளு மேல தப்பு இல்லீங்க. தெரியாம நடந்துபோச்சு. ஐயா ஸ்டேஷன்ல வந்து ஒரு வார்த்த அப்படிச் சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சிடும்.” அருளப்பன் சார் களைத்துப்போயிருந்தார். எதற்கும் தலையாட்டிவிடுகிற களைப்பு. ஆட்டவும் போனார்.

அவர் தலையாட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். மேடையில் கேட்ட அந்தக் கேடுகெட்ட கதையே நிலைத்திருக்கும். என் வாய் தானாகக் கேட்டது, சேகரைப் பார்த்து: “என்ன தெரியாதுங்க உங்களுக்கு?”

“அதான் சொல்றமேங்க” என்றார் முதலாளி.

“அவரு சொல்லட்டும்.”

சேகர் நிலையிலிருந்து கையை எடுத்தார். “பின்னால பாக்கற இடது பக்கக் கண்ணாடி ஒடஞ்சு ரொம்ப நாளாச்சுங்க. எனக்குத் தெரியும். மொதலாளிக்கும் தெரியும். காலையில அங்க மீன் வாங்க ஜனம் நிக்கும், அதுவும் தெரியும். எறங்கிப் பாத்துட்டு எடுக்கணும்னு தெரியும். அவசரத்துல எடுத்துட்டேன். அந்தம்மா நின்னது ஒண்ணுதாங்க தெரியாது.”

முதலாளி எழுந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். சேகர் நகரவில்லை. அருளப்பன் சாரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “எல்லாரும் மதாம் மதாம்ங்கறாங்க. அவங்க பேரு என்னங்கய்யா?”

“மரி ஜெசிந்தா” என்றார் அருளப்பன் சார். மனைவி இறந்தபின் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

ஸ்டேஷனிலும் சேகர் அதையே சொன்னார். வேலை போய்விட்டது. வழக்கு நடக்கிறது. அவரை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை. முதலாளியை அறவே இல்லை.

‘விதி’ என்ற சொல்லைக் கை தட்டியவர்களே வைத்துக்கொள்ளட்டும். மதாமின் இரண்டு கேள்விகள் எனக்குப் போதும்: என்ன தெரியாது? செத்தவருக்குப் பேரு என்ன? ரவூஃப் பாய் போனில் சொன்ன செய்தியை மதாமுக்குப் பிடிக்கிற மாதிரி ஒருமுறை திருத்தி எழுதிவிடுகிறேன். கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் மீன் வாங்கி நின்றிருந்த மரி ஜெசிந்தாவை, கண்ணாடி உடைந்திருப்பது தெரிந்தே எடுத்த வண்டி கொன்றது.