கண்ணைக் கட்டிக் கடலில் விட்டார்கள்

போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, ராயபுரத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த கப்பல் ஏஜெண்டு ஆபீசுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வந்தார். போரின்போது அவர் மகன் ஓட்டிய கடற்படை விமானம், கூட இருந்த இருவரோடு, எண்ணூருக்கு எதிரே கடலில் விழுந்துவிட்டதாம். உடல்கள் கிடைக்கவில்லை. விழுந்த இடத்தையாவது பார்த்து, மற்ற இருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். அவர் கப்பல் திரும்ப ஒரு வாரம்கூட இல்லை. இங்கிலீஷ் தெரிந்த பாவத்துக்கு மேனேஜர் என்னை அவரோடு கோத்துவிட்டார்.

இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். விமானம் கிடந்தால் வலை மாட்டும், வலை மாட்டினால் மீனவருக்குத் தெரியும். எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்துக்குப் போய், வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவரிடம் நேராகவே கேட்டேன்.

"கடலுக்குள்ள ஏரோப்ளேன் எங்கே கெடக்குது?"

"ஏரோப்ளேனா? அது மேலதான சார் போவும்?" என்றார் அவர்.

அடுத்தவர் வடக்கே கை காட்டினார், இன்னொருவர் தெற்கே. "அத்த அன்னிக்கே திமிங்கலம் முழுங்கிடிச்சி" என்றார் ஒருவர். பெரியவர் ஒவ்வொன்றையும் மேப்பில் குறித்துக்கொண்டே வந்தார். மாலைக்குள் அந்த ஒரே விமானம் வங்காள விரிகுடா முழுக்க விழுந்திருந்தது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. பெரியவரோ எல்லோருக்கும் மரியாதையாக நன்றி சொன்னார். திமிங்கலத்தை மட்டும் நான் மொழிபெயர்க்காமல் விட்டேன்.

மறுநாள் மறுபடி போனபோது, அந்த வலைக்காரரின் மனைவி மீன் கூடையோடு என்னை மடக்கினார்.

"யோவ், உனுக்கு அறிவு கீதா? எதுனா முழுகின எடத்துலதான் மீனு வந்து அடையும். அந்த எடத்த பொண்ண கட்டின மாப்புளைக்குக்கூட சொல்ல மாட்டாங்க. நீ பேனாவும் மேப்புமா வந்து கேக்கற! பக்கத்துக் குப்பத்தான் அனுப்ச்ச ஆளுன்னு எல்லாரும் நெனச்சிகினு கீறாங்க."

"அம்மா, இவர் புள்ள செத்த எடம் அது" என்றேன். அதுவரை விமானத்தைத்தான் கேட்டிருந்தேன், பிள்ளையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அந்த அம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பெரியவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டார். குப்பமே கூடிப் பேசி முடிவு சொன்னது: கூட்டிப் போகிறோம், ஆனால் இரண்டு பேர் கண்ணையும் கட்டித்தான். கரையில் தெரியும் திருவொற்றியூர்க் கோபுரத்தையும் ஆலைப் புகைபோக்கியையும் வைத்துத்தான் அவர்கள் கடலில் இடம் பிடிப்பார்கள். அதை நாங்கள் பார்த்துவிடக் கூடாதாம்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டால்கூட ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். கட்டுமரத்தில் எனக்கு ஒரு கயிறுதான் கிடைத்தது. முகத்தில் மீன் நாற்றத் துண்டு, மடியில் உப்புத் தண்ணீர். காலையில் தின்ற இட்லியைக் கடலுக்கே கொடுத்தேன்.

கண்கட்டை அவிழ்த்தபோது எங்களைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்திருந்தார்கள். "திரும்பாத சார்" என்று ஒரு கை என் பிடரியை அழுத்தியது. எதிரே வெறும் தண்ணீர். பெரியவர் கொண்டுவந்த சாமந்தி மாலையைப் போட்டார். வலைக்காரர் இடுப்பிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து, பழகிய கையாக அதன் பக்கத்தில் போட்டார்.

"எப்பவும் போடுவீங்களா?" என்றேன்.

"பின்ன? அவுங்க எடத்துல கேக்காம மீன் புடிக்கலாமா? 'தம்பிங்களா, வலை போடறோம்'னு சொல்லிட்டுத்தான் போடுவோம். பேரு இன்னான்னு தொரைய கேளு சார்."

இதை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். பெரியவர் மூன்று பெயர்களையும் நிதானமாகச் சொன்னார், மகன் பேரைக் கடைசியில். அவர்கள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவர் வாயிலும் நுழையவில்லை.

"தம்பின்னே கூப்புடறோம். கோச்சிக்க வேணாம்னு சொல்லு சார்."

சொன்னேன். பெரியவர் "தம்பி" என்று மெதுவாக ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு, யாரும் கேட்பதற்கு முன்பே, அந்த ஈரத் துண்டை எடுத்துத் தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டார்.