கதையில் இல்லாத அண்ணன்

எங்கள் விடைத்தாள் திருத்தும் முகாமில் அவருக்கு உவமை டீச்சர் என்று பெயர். இருபத்தாறு வருடமாக ஆங்கில இலக்கியம் நடத்துகிறார். டீ ஆறியிருந்தால்கூட, "இது டீயா, டீக்கு உருவகமா?" என்பார். பதினான்கு வரிக் கவிதையை எந்தப் பிள்ளையாவது பதின்மூன்று வரியில் முடித்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். நான் பூகோளம், பக்கத்து மேசை. அவர் வாய்க்குப் பயந்து குனிந்த தலை நிமிராமல் திருத்துவேன்.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவர் டப்பாவைத் திறக்கவே இல்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

"சார், காலைல ஒரு தப்பு பண்ணிட்டேன்."

பாடத்தில் ஒரு பழைய அமெரிக்கச் சிறுகதை. பனிக்காலத்தில், ஆளில்லாத பண்ணைவீட்டில் ஒரு பெண் தனியாக மாட்டிக்கொள்கிறாள். அவளுடைய பயத்தை விவரி என்பது கேள்வி. ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: அண்ணன் அவளை உள்ளே தள்ளி வெளியே பூட்டுகிறான். பரீட்சைக்கு மட்டும் கூட்டிவந்து வாசலிலேயே நிற்கிறான். கடைசிப் பரீட்சைக்குப் பிறகு கதவு திறக்காது என்று சொல்லியிருக்கிறான்.

டீச்சர் அதை அடித்து, 'கதையில் இல்லை' என்று சிவப்பில் எழுதி, பூஜ்யம் போட்டு விடைத்தாள் கட்டோடு சேர்த்துவிட்டார். நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்வோம். பாடத்தில் இல்லாதது எங்களுக்கு உலகத்திலேயே இல்லாதது.

"கதையில அண்ணனே கிடையாது சார். அப்ப இவன் எங்கேருந்து வந்தான்?"

நான் விரல்விட்டு நாள் எண்ணினேன். கடைசிப் பரீட்சை முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"சின்னப் பொண்ணு, ஏதோ கற்பனை. விடுங்க டீச்சர்" என்றேன். தொடைநடுங்கி, வேறென்ன சொல்வேன்?

அவர் எழுந்து நேரே முகாம் அதிகாரியிடம் போனார். தாளில் பெயர் இருக்காது, ரகசிய எண்தான். அதைப் பிரித்து யாரென்று பார்த்தால் வேலைக்கே உலை.

"ரூல்ஸ் இல்லம்மா" என்றார் அதிகாரி.

"என் வேலை போகட்டும், எழுதியே குடுக்கறேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆயிட்டா நீங்க பதில் சொல்வீங்களா?" அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எண்ணைப் பிரித்தார்கள். பள்ளிக்குப் போன் பறந்தது. தலைமையாசிரியை போலீசோடு அந்த வீட்டுக்குக் கிளம்பினார். அடுத்த இரண்டு மணி நேரமும் டீச்சர் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். "செத்துக்கித்துப் போயிருந்தா என்ன சார் பண்ணுவேன்?" என்று என்னைத்தான் கேட்டார்.

போன் வந்ததும் அதிகாரி எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"உயிரோட இருக்கா சார். எழுந்து நிக்கக்கூடத் தெம்பில்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்."

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

"இன்னொண்ணு சார்" என்றார் தலைமையாசிரியை. "ஆறு பேப்பர்லயும் எழுதி வெச்சேனே, மத்தவங்க யாரும் படிக்கலையான்னு கேக்குறா."

மண்டபத்தில் எல்லோரும் அவரவர் கட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் திருத்தி முடித்த கட்டுகள் என் மேசையில்தான் இருந்தன. கயிற்றை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை.