குளக்கட்டெண்டு நினைச்சு நான் அடைச்ச உடைப்பு

ஏழெட்டு வருசத்துக்கு முந்தி, ஒரு வைகாசி மாதம். இத்தாலியிலை, பலேர்மோவிலை நான் வேலை செய்யிற வீட்டுக்கார அம்மா, நான் கூப்பிடுறது சிஞ்ஞோரா எண்டு, மலையிலை இருக்கிற தன்ரை தமையன்ரை கோதுமை வயலுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனா. வயலுக்கு நடுவாலை, இந்தத் தொங்கல் தொடக்கம் அந்தத் தொங்கல் மட்டும், ஆள் உயரத்திலை நீளமா ஒரு மண் அணை. புல்லு மூடிக் கிடந்தது.

நான் வன்னிக்காரி. பாத்த உடனை குளக்கட்டெண்டு விளங்கீட்டுது. குளத்தைத்தான் காணேல்லை, வத்தியிருக்கும் எண்டு நினைச்சன். கட்டிலை ஒரு இடத்திலை இரண்டு முழ அகலத்துக்கு, இடுப்பளவு ஆழத்துக்கு ஆரோ வெட்டி விட்டிருந்தினம். சுத்திவர நூல் கட்டியிருந்தது, ஆக்கள் விழாமலுக்காக்கும். எங்கடை பக்கம் கட்டிலை உடைப்பைக் கண்டால், அடைச்சுப்போட்டுத்தான் மற்ற வேலை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் பூசைக்குப் போக நான் மண்வெட்டியை எடுத்தன். வெட்டின மண்ணும் பக்கத்திலையே குவிஞ்சு கிடந்தது. நூலைக் கழட்டி உருண்டையாச் சுத்தி வைச்சன். மண்ணைக் கொட்டி, தண்ணி தெளிச்சு, மிதிச்சு, மேலை புல்லுக்கட்டியும் பதிச்சன். வெட்டின அடையாளமே இல்லை.

திங்கள் காலமை ஒரு பேராசிரியர் நாலு மாணவரோடை வந்தார். ஐஞ்சு பேரும் தாங்கள் வெட்டின கிடங்கைத் தேடி அணையிலை மேலும் கீழுமா நடந்தினம். அது இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின எல்லை அணையாம். உள்ளுக்கை மண் எப்பிடி அடுக்கியிருக்கெண்டு பாக்க மூண்டு கிழமையா வெட்டினவையாம்.

தமையனுக்குப் பக்கத்து வயல்காரனோடை பழைய கோபம். "அவன்ரை வேலைதான், பொலிசைக் கூப்பிடுறன்" எண்டு போனை எடுத்திட்டார். என்ரை வேலை போகும் எண்டு தெரியும். ஆனால் ஒண்டும் செய்யாத அந்தப் பக்கத்து வயல்காரன் பாவம்.

"நான்தான் அடைச்சனான்" எண்டன்.

சிஞ்ஞோரா நெஞ்சிலை கை வைச்சா. பேராசிரியர் என்னை வடிவாப் பாத்தார்.

"தண்ணியும் தெளிச்சனீங்களோ?"

"ஓம். தெளிக்காட்டி மண் இறுகாதே."

மனுசன் தலையிலை கையை வைச்சுக்கொண்டு புல்லிலை இருந்திட்டார். கொஞ்சத்தாலை தோள் குலுங்கினது. அழுகிறார் எண்டு பயந்திட்டன், சிரிச்சிருக்கிறார். "இரண்டாயிரம் வருசத்திலை இதைத் திருத்தின முதல் ஆள் நீங்கள்தான்" எண்டார்.

வேலை போகேல்லை. என்ரை மண்ணை அள்ளி எடுக்கப் பெடியள் இரண்டு நாள் முக்கினாங்கள். நானும் முழங்காலிலை நிண்டு, கரண்டி மாதிரி ஒரு சாமானாலை சுரண்டினன்.

இப்ப எங்கை என்ன உடைஞ்சு கிடந்தாலும், ஆர் உடைச்சது, ஏன் உடைச்சது எண்டு கேக்காமல் நான் கை வைக்கிறேல்லை. ஆனால் அந்த அடைப்பு நல்ல அடைப்பு, அதிலை ஆரும் குறை சொல்லேலாது.