பச்சை நூல் கட்டிய பென் டிரைவ்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய பென் டிரைவ் கிடக்கிறது. அதன் ஓட்டையில் கிளிப்பச்சைப் பட்டு நூல் முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறது. கட்டியது நான் அல்ல, அட்டைக்கார அக்கா. ஆரணியில் நான் முதன்முதலாக ஒரு சாஃப்ட்வேரை விற்றது அவருக்குத்தான். விற்றேனா, கொடுத்தேனா, ஏமாற்றினேனா, ஏமாந்தேனா என்பது இன்றுவரை எனக்கே தெளிவாக இல்லை.

அக்கா, சேலையில் பூவேலை நெய்யும் ஜக்கார்டு தறிகளுக்கு அட்டை அடித்துக் கொடுப்பவர். பட்டு முதலாளி ஒருவர் புதிய பார்டர் கேட்டால், கட்டம் போட்ட கிராப் தாளில் அதைப் புள்ளி புள்ளியாக வரைவார். அந்தப் புள்ளிகளின்படி அட்டையில் துளை விழும். துளையின்படி சேலையில் மயிலோ மாங்காயோ வரும். வேலை முடிந்து அட்டைகளைக் கட்டி ஒப்படைக்கும் நாளில் அவர் ஒன்று செய்வார். முதலாளியை எதிரில் நிற்க வைத்து, கிராப் தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போடுவார். அந்த டிசைன் இனி வேறு யாருக்கும் போகாது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. அக்கா கிழித்தால் கிழித்ததுதான் என்று முதலாளிகள் எல்லோரும் நம்பினார்கள்.

நான் அப்போது சென்னை வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊரிலேயே பிழைத்துவிடலாம் என்று வந்திருந்தேன். என் நம்பிக்கையெல்லாம், கிராப் தாளுக்குப் பதில் கம்ப்யூட்டரிலேயே டிசைன் வரைய உதவும் ஒரே ஒரு சாஃப்ட்வேர்மேல். யார் யாரோ சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் விட்டிருந்த ஓப்பன் சோர்ஸ் சமாச்சாரம் அது. அதில் தமிழைச் சேர்த்து, நம் ஊர் அட்டை அடிக்கும் மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றியிருந்தேன். ஊரில் இருந்த அட்டைக் கடைகள் வாங்கினால் இங்கேயே இருக்கலாம். வாங்காவிட்டால் மறுபடி சென்னைக்குப் பெட்டி கட்ட வேண்டும்.

அக்கா பணம் கொடுத்தார். நான் பென் டிரைவைக் கொடுத்தேன். லைசென்ஸ் சொல்கிறபடி, சாஃப்ட்வேரை எழுதிய மூல வரிகளான சோர்ஸ் கோடும் அதிலேயே இருந்தது. தொலைந்துவிடக் கூடாதென்று உடனே நூலைக் கட்டிக்கொண்டவர், என் லேப்டாப்பையே பார்த்தபடி நின்றார்.

"இன்னா தம்பி, உன்கிட்ட இருக்கறத அழிக்கலயா?"

புரிந்ததும் திருதிருவென்று விழித்தேன். இதை நான் மற்றவர்களுக்கும் விற்பேன் என்றேன். நீங்களும் விற்கலாம், சும்மாவும் கொடுக்கலாம், லைசென்ஸ் அப்படி என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்படியென்றால் தான் வாங்கியது என்ன என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் ஏதோ உளறினேன். அது எனக்கே விளங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார். போனால், கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்தியிருக்கிறது. அக்கா கழுத்து வலியோடு மறுபடி கிராப் தாளில் குனிந்திருக்கிறார். இது இணையத்தில் சும்மா கிடைக்கிறது என்று யாரோ போனில் காட்டிவிட்டிருக்கிறார்கள். அதை முதலிலேயே நான் சொல்லாதது என் தப்புதான், வெட்கமாகப் போயிற்று. ஆனால் அக்காவின் பயம் வேறு. சாஃப்ட்வேர் எல்லாருக்கும் பொது என்றால், அதில் வரைந்த பார்டரும் பொதுவாகிவிடுமா? முதலாளிகளுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது? வரைந்தது உங்களுடையதுதான் அக்கா என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். நம்பவில்லை. எழுதியிருப்பதைப் படி என்றார்.

அந்த ஆங்கில லைசென்ஸை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். விற்கலாம் என்ற இடத்தில் தலையாட்டினார். வாங்கியவர் பிறருக்குக் கொடுத்தால் தடுக்கக் கூடாது என்ற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பழுது வந்தால் எழுதியவர்கள் பொறுப்பல்ல என்ற வரியில் சிரித்துவிட்டார். "எதுக்கும் பொறுப்பு இல்லன்னு எழுதி வெச்சிகினுதான் விக்கிறீங்களா? ஒரே பேஜாரா கீதே." பழுது வந்தால் நான் வருவேன், உங்கள் காசு அதற்கும் சேர்த்துத்தான் என்றேன். சொன்ன பிறகுதான் நான் எதை விற்கிறேன் என்பது எனக்கே லேசாகப் பிடிபட்டது. அக்கா துணியை எடுத்து மடித்து வைத்தார்.

பிடிபட்டதாக நினைத்தேன், அவ்வளவுதான். அடுத்த மாதம் களம்பூர் ரோட்டில் ஒரு பெண் புதிதாக அட்டைக் கடை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு ஆசையாகப் போனேன். அவள் கம்ப்யூட்டரில் நான் சேர்த்த தமிழ் எழுத்துகள் ஏற்கெனவே இருந்தன. அக்கா கொடுத்தாராம், சும்மா. பொருமிக்கொண்டே வண்டியை அக்கா கடைக்கு விட்டேன். இப்படி ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தால் நான் எங்கே போய்ப் பிழைப்பது என்று கத்தினேன்.

"நீதானே தம்பி படிச்சிக் காட்டின? குடுக்கலாம், தடுக்கக் கூடாதுன்னு. அந்தப் பொண்ணு கழுத்து நோவுதுன்னு சொல்லிச்சி, குடுத்தேன்."

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. நிஜமாகவே குழம்பியிருந்தார். தப்பு செய்துவிட்டோமோ என்று முகம் வாடிவிட்டது. மெதுவாக பென் டிரைவை உருவி, நூலோடு என் உள்ளங்கையில் வைத்தார்.

"சரி, இதுல உன்து எதுன்னு சொல்லு. கிழிச்சிப் போட்டுடறேன்."

நான் எழுதிய கோப்புகள் எவை என்று எனக்குத் தெரியும். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு புள்ளிகூட வரைய முடியாது என்பதும் தெரியும். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சென்னைக்குப் போகவில்லை. களம்பூர் ரோட்டுக் கடையில் பழுது வந்தபோது அந்தப் பெண் என்னைத்தான் கூப்பிட்டாள், காசும் கொடுத்தாள். இப்போது அப்படிக் கூப்பிடுகிறவர்களால்தான் என் வீடு நடக்கிறது. புதிதாக வருகிறவரிடம், இது இணையத்தில் சும்மாவே கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். உட்கார்ந்திருப்பவர்களுக்கு இழுப்பறையைத் திறந்து அக்காவின் பென் டிரைவையே எடுத்து நீட்டுகிறேன். ஏற்றிக்கொள்ளுங்கள், யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்று வாய் சொல்லிவிடுகிறது. கைதான், பச்சை நூலைப் பிடித்தபடி, ஒரு நொடி விடாமல் நிற்கிறது.