பிள்ளைதான் அழுத்த வேண்டும்

நெடுங்காட்டில் எங்கள் வயலில் தேங்கிய மழைத் தண்ணீரை வடியவிட்டுக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியரின் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறவர் அல்ல அவர். “செலின் டீச்சர் தவறிட்டாங்க சார். பூசைக்குப் போயிட்டு வந்து நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு” என்றார். மண்வெட்டியை வரப்பில் போட்டுவிட்டு அப்படியே நின்றேன். வெள்ளிக்கிழமை மாலைதான் என்னுடைய டேப்லெட் சார்ஜரை வாங்கிக்கொண்டு, “திங்கக்கிழமை தந்துடுறேன், பயந்துக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். சிலர் உங்கள் பிள்ளைகளை அவரிடம் விட்டவர்கள். அவர் பொறுமையின் வடிவம் என்றெல்லாம் நான் எழுதினால் அவரே சிரிப்பார். டீ ஆறிப்போய் வந்தால் ஸ்டாஃப் ரூமையே இரண்டாக்குகிறவர். பக்கத்து வகுப்பறையில் இருந்த எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

பள்ளியில் எங்களுக்கு ஆளுக்கொரு டேப்லெட், எங்கள் பேச்சில் டேப், வந்தபோது கூடவே ஒரு செயலியும் வந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, படித்ததைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசி, பேசியதை ஓரிரு வரியில் பதிய வேண்டும். பதிந்தால் பெயர் பச்சையாகும். பேசாமல் விட்ட பெயர் சிவப்பாகிப் பட்டியலின் உச்சியில் வந்து நிற்கும். நம் ஊரில் ஆசிரியர் ஒரு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பதைப் பயிற்சி கொடுத்தவர்கள் யோசிக்கவில்லை. செலின் டீச்சர் பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து, “நான் ஒண்ணும் பண்ணல மிஸ்” என்றார்கள்.

விழிதியூர்ப் பையன் ஒருவன் வீட்டுக்குப் போய், “மிஸ் தனியா விசாரிச்சு என் பேர டேப்ல ஏத்திட்டாங்க” என்று சொல்லிவிட்டான். மறுநாள் காலை அவன் அப்பா நடவு வேலையை விட்டுவிட்டு, பேசத் தெரிந்த உறவுக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். “சின்னப் புள்ள டீச்சர், தெரியாம பண்ணிருப்பான். இந்த ஒரு தடவ பேர எடுத்துவிட்டுருங்க.” டீச்சர் பதிவைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். கதையில் நரி ஏன் பாதி வழியில் திரும்பியது என்று கேட்டதற்கு, ‘அதற்கு வீட்டு ஞாபகம் வந்திருக்கும்’ என்று பையன் சொன்னதாக எழுதியிருந்தது. அப்பா எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். “இதையா எழுதுறீங்க?” என்றார். பிறகு, “அப்ப இருக்கட்டும் டீச்சர், எடுக்க வேணாம்” என்றார்.

அன்றிலிருந்து டீச்சர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். பிள்ளையின் பக்கத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்வார். எழுதியதை அந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவார். சரியாக இருந்தால் பதிவுப் பொத்தானைப் பிள்ளைதான் அழுத்த வேண்டும், இவர் தொடமாட்டார். இதனால் எல்லா வகுப்பும் பச்சையானபோது அவருடைய பட்டியல் மட்டும் பாதி சிவப்பிலேயே கிடந்தது. “பத்திரப்பதிவு ஆபீஸே தோத்துது டீச்சர்” என்று கிண்டல் செய்தேன். “எழுதுறது அவங்களப் பத்தி. சரியா இருக்குன்னு அவங்கதானே சார் சொல்லணும்?” என்றார். 

இந்த ஆண்டு அவர் வகுப்பில் கருக்களாச்சேரியிலிருந்து மதுமிதா என்ற பெண் சேர்ந்தாள். வீட்டில் பேசுவாளாம்; பள்ளியில் யாரிடமும் ஒரு வார்த்தை கிடையாது. பருவம் பாதி போயும் அவள் பெயரில் ஒரு பதிவுகூட இல்லை. பேச வராத பிள்ளை என்று எழுதிச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடலாமா என்று தலைமையாசிரியர் கேட்டார். “பேச வராதுன்னு நான் சொல்லல சார். இன்னும் பேசலன்னுதான் சொன்னேன்” என்று சண்டை போட்டு, பருவம் முடியும்வரை தவணை வாங்கினார் டீச்சர். அந்த வெள்ளிக்கிழமை சார்ஜர் வாங்க வந்தபோதும் அதே கவலைதான். “இன்னிக்கும் அழுத்தல சார். வாசிச்சுக் காமிச்சேன், இல்லன்னு தலைய ஆட்டுது. என்ன தப்பா எழுதினேன்னே தெரியல.”

அடக்கத்துக்குப் பிறகு அவர் வகுப்பை என் வகுப்போடு சேர்த்தார்கள். அவருடைய டேபும் என்னிடம் வந்தது. சிவப்புப் பட்டியலின் உச்சியில் மதுமிதாவின் பெயர். உள்ளே, பதியாமல் பாதியில் நின்ற இரண்டு வரி. அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தேன்: “இன்று மதுமிதா எதுவும் பேசவில்லை. இருவரும் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.”

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். “எது தப்பும்மா?” என்று கேட்டேன். வகுப்பே இரைந்துகொண்டிருந்தது. நான் காத்திருந்தேன். எழுந்துவிடலாமா என்று நினைத்தபோது அவள் வாயைத் திறந்தாள்.

“மழைய மிஸ்தான் பாத்தாங்க.”

“நீ?”

“நான் மிஸ்ஸப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

இரண்டாவது வரியை அவள் சொன்னபடியே மாற்றினேன். மறுபடி வாசித்துக் காட்டினேன். மதுமிதா விரலை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள்.

அவளை வேறு பள்ளிக்கு அனுப்பும் பேச்சு அதோடு நின்றது. ஆனால் அவள் சொன்னதை யாரிடம் முதலில் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டுமோ அவர் இல்லை. அன்று ஸ்டாஃப் ரூமில் நான் அழுதேன்.

சார்ஜரை அவர் மகன் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்கிறேன். எழுதியதை வாசித்துக் காட்டுகிறேன். பொத்தான் பக்கம் என் விரல் போவதில்லை.